திருகோணமலையிலிருந்து கடல் காற்றாலையில் முதலிட வழி உண்டா?

உண்டு, ஆனால் காற்றாலையைவிட அதைச் சுற்றியுள்ள வேலையில்தான். கடலடியில் தூண் ஊன்றி நிறுத்தும் காற்றாலைக்கு ஆழம் பொதுவாக 50, 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், நம் குடாவிலோ கரையை விட்டுக் கொஞ்சம் போனதுமே பள்ளத்தாக்கு மாதிரி ஆழம் இறங்கிவிடும், மிதக்கும் வகை இன்னும் செலவு கூடியது. ஆழம் குறைந்த கடல் மன்னார்ப் பக்கம். அங்கேகூட 2020இல் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணை தரையில்தான் நிற்கிறது.

சரி, நமக்கு இருப்பது துறைமுகம்! பெரிய இறக்கைகளை இறக்கிவைத்துப் பூட்டுவதற்கு இப்படி அலை அடங்கிய ஆழத்துறை எளிதில் கிடைக்காது. அப்புறம் 20, 25 வருடம் பராமரிப்பு நடக்கும்: ஆட்களை ஏற்றிப்போகும் படகு, சுழியோடிகள், வெல்டிங் பட்டறை. இவை திட்டம் தாமதித்தாலும் மற்றக் கப்பல் வேலைகளில் சம்பாதிக்கும், அதனால் என் பணம் என்றால் இங்கேதான் போடுவேன்.