10 மாதமாகியும் தொடை எலும்பு கூடவில்லை: ராடை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 36, கட்டட வேலை செய்கிறவர். பைக் விபத்தில் வலது தொடை எலும்பு நடுவில் மூன்று துண்டாக உடைந்து, உள்ளே ராடு வைத்தார்கள். 10 மாதம் ஆகிறது. காலை ஊன்றினால் இன்னும் நடுத்தொடையில் வலிக்கிறது. கால் கொஞ்சம் கட்டையாகவும், பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு கூடலை, மறுபடி ஆபரேஷன் வேணும்" என்கிறார். சொந்தக்காரர்கள், ராடை எடுத்துவிட்டுப் புத்தூர் கட்டு போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அம்மா, தயவுசெய்து ராடை மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எலும்பு கூடாத நிலையில் அவர் காலைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த ராடுதான். தொடை எலும்பு உடம்பிலேயே நீளமானது, வலுவானது. சுற்றியுள்ள தசையும் அதற்கேற்ற வலுவுள்ளது. பிடிமானம் போனதும் அந்தத் தசை இழுத்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும். வளர்ந்த ஆளின் தொடையை வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. 1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற மருத்துவர், எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள்ளேயே கம்பியைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அதுவரை வாரக்கணக்கில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடக்க முடிந்தது.

ஆனால் ராடு எலும்பை ஒட்டவைக்காது. ஒட்டும் வரை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருநாள் முறிகிற மாதிரி, எலும்பு கூடாத காலில் தினமும் நடந்தால் முதலில் ராடை எலும்போடு பூட்டியிருக்கும் ஸ்க்ரூவோ பிறகு ராடோ உடையலாம். உடைந்த ராடை வெளியே எடுப்பது பெரிய வேலை. அதனால் முடிவெடுக்கும்வரை அவர் வாக்கர் வைத்து, டாக்டர் அனுமதிக்கும் அளவே ஊன்றட்டும். வேலைக்குப் போக வேண்டாம்.

இந்த எலும்பு கூட வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஆகும். 9 மாதம் கடந்து, கடைசி 3 மாத எக்ஸ்ரேக்களில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் 'கூடாத முறிவு' என்று சொல்வோம். ஆகவே புதிய படத்தை மட்டும் கொண்டுபோகாமல், பழைய எல்லாப் படங்களையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் தெளிவாக்கும்.

மறுபடி ஆபரேஷன் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏன் கூடவில்லை என்று கண்டுபிடிக்காமல் செய்யக்கூடாது. முதல் கேள்வி, உள்ளே கிருமி இருக்கிறதா? முதல் ஆபரேஷனுக்குப் பிறகு தையலில் நீர் கசிந்ததா, காய்ச்சல் வந்ததா என்று நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள் துப்புக் கொடுக்கும். உறுதிசெய்வது உள்ளிருந்து எடுக்கும் திசுவைக் கல்ச்சர் செய்துதான், அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று லேபில் பார்த்துதான். அதற்கு முன் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் கிருமி ஒளிந்துகொள்ளும். கிருமி இருந்தால் சுத்தம் செய்வது ஒரு கட்டம், எலும்பைக் கூடவைப்பது அடுத்த கட்டம், காலம் பிடிக்கும்.

கிருமி இல்லையென்றால் எக்ஸ்ரேயே வழி சொல்லும். முறிவைச் சுற்றிப் புது எலும்பு நிறையத் திரண்டும் நடுவில் முறிவுக் கோடு மறையவில்லையா? இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அசைவுதான் அதிகம். மஜ்ஜைக் குழியைக் கடைந்து அகலமாக்கி இன்னும் தடித்த ராடு போட்டாலே பலருக்குக் கூடிவிடும். எலும்பு முனைகள் மெலிந்து, புது எலும்பே தென்படவில்லையா? இடுப்பு எலும்பிலிருந்து துகள் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ராடை அப்படியே விட்டுப் பக்கத்தில் ஒரு பிளேட் சேர்ப்பதும் நல்ல முறை. ஒருபக்க ஸ்க்ரூவை மட்டும் கழற்றி நடக்கவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். மூன்று துண்டான எலும்பில் கால் மேலும் குட்டையாகும் ஆபத்து உண்டு.

பாதம் திரும்பியிருப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு காலையும் சி.டி.யில் ஒப்பிட்டால் எத்தனை டிகிரி என்று தெரியும். 15 டிகிரிக்கு மேல் என்றால் நடையில் தெரியும், முழங்காலுக்கும் சிரமம். இதே ஆபரேஷனில் சரிசெய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நீளக்குறைவு 2 சென்டிமீட்டருக்குள் என்றால் செருப்பில் உயரம் சேர்த்தாலே பெரும்பாலும் போதும்.

அவர் பீடி, சிகரெட் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடுவதைக் கெடுப்பதில் அதற்கு முக்கிய இடம் உண்டு. சர்க்கரை, வைட்டமின் டி அளவுகளைப் பாருங்கள். மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் நல்லதல்ல. பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அவற்றை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்கினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இந்த ஆபரேஷன்கள் நடக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். ராடு எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று அதில் இருந்தால், அதைக் கழற்றுவதற்கான கருவியைச் சர்ஜன் முன்கூட்டியே வரவழைத்து வைப்பார்.