தோட்டத்துக் குரங்கு நமக்கு என்ன முறை?

கேள்வி: மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் 98 வீதத்துக்கு மேல் டி.என்.ஏ. ஒன்றுதானாம். வாழையோடும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகிறதாம். அப்படியென்றால் நாம் பாதி வாழைமரமா என்று தம்பி கேலி செய்கிறான். எங்கள் லயத்துக் கூரையில் குதிக்கிற குரங்கு நமக்கு என்ன முறை?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: தம்பி கெட்டிக்காரன்தான், ஆனால் வேறு வேறு கணக்கைச் சேர்த்துக் குழப்புகிறான். சிம்பன்சி கணக்கு டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டது. பொருந்தி வருகிற பகுதிகளில் 100 எழுத்துக்கு ஒன்று சொச்சம்தான் மாறும். வாழைக் கணக்கோ, நம் மரபணுவுக்கு ஒத்தது அங்கேயும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கிற வேலை இரண்டு பேருக்கும் உண்டு, அதனால் இருக்கத்தான் செய்யும்.

என்னைக் கேட்டால் வீதத்தை விட்டுவிட்டுப் பிழைகளைப் பாருங்கள். தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் யாரோ பெயரைத் தப்பாக எழுதிவிட, அது அப்பாவின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பத்திரம் என்று இறங்கிக்கொண்டே வருவது மலையகத்தில் பார்க்காததா? வேறு தோட்டத்தில் ஒருவரிடம் அச்சொட்டாக அதே தப்பைக் கண்டால் ‘நீங்க யார் வீட்டுப் பிள்ளை?’ என்றுதானே கேட்போம்.

விற்றமின் சி அப்படி ஒரு கதை. நாய், மாடு, ஆடெல்லாம் அதை உடம்பிலேயே செய்துகொள்கின்றன, நமக்குத்தான் நெல்லிக்காயோ தோடம்பழமோ வேண்டும். அதைச் செய்கிற ‘குலோ’ மரபணு நம்மிடமும் இருக்கிறது, உடைந்துபோய். சிம்பன்சிக்கும் அதே உடைசல்தான், போஞ்சிப் பாத்தியை நாசமாக்குகிற உங்கள் குரங்குக்கும் அதே உடைசல்தான். ஆனால் ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் இரவில் திரியும் தேவாங்கின் வகையறாவில் அது இன்னும் வேலை செய்கிறது, ஏனென்றால் மரபணு உடைவதற்கு முன்பே அந்தக் கிளை நம்மிடமிருந்து பிரிந்துவிட்டது.

சரி, முறைக்கு வருவோம். குரங்கு பாட்டனும் இல்லை பூட்டனும் இல்லை, தூரத்துப் பங்காளி. நம் இரு கிளைக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஏறக்குறைய 2½ – 3 கோடி ஆண்டு ஆகிறது. சிம்பன்சி கிட்டத்துச் சொந்தம், 60 – 70 லட்சம் ஆண்டுதான்.

இன்னொன்று, கினிப்பன்றிக்கும் விற்றமின் சி செய்ய வராது. அதைக் காட்டித் தம்பி மடக்கப் பார்ப்பான். அதற்கும் அதே மரபணுதான் கெட்டது, ஆனால் உடைந்து காணாமல் போன துண்டுகள் வேறு. அது தனியாகக் கெட்டுப்போனது, நம் வீட்டுப் பிழை இல்லை.