அந்தரத்தில் எத்தனை விநாடி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அக்கா மகன் துபாய்க்குச் சென்றிருந்தபோது, பயிற்சியாளர் ஒருவருடன் சேர்த்துக் கட்டப்பட்டு, 13,000 அடி உயரத்தில் பறந்த விமானத்திலிருந்து குதித்தான். பாராசூட் விரியும்வரை முழுதாக ஒரு நிமிடம் விழுந்துகொண்டிருந்ததாகச் சொல்கிறான். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளோ, பாடப்புத்தகச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, தரைக்கே 28 விநாடியில் வந்துவிடலாம், அண்ணன் கதை அளக்கிறான் என்கிறாள். எங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்து வைப்பீர்களா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தீர்ப்பு இருவருக்கும் பாதகமானது. அவர் விழுந்த நேரம் ஏறத்தாழ 46 விநாடி இருந்திருக்க வேண்டும். ஆனால் இருவர் செய்த பிழையும் ஒரே வகையைச் சேர்ந்ததன்று என்பதால், தனித்தனியே பார்க்கலாம்.

உங்கள் மகள் போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை ஏதும் இல்லை. 13,000 அடி என்பது 3,962 மீட்டர். அதை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 28.4 விநாடி கிடைக்கும். பிழை கணக்கில் இல்லை, கணக்குக்கு முன்னால் இருக்கிறது. அந்தச் சூத்திரம் காற்றே இல்லாத இடத்தில் விழும் பொருளுக்கானது. புத்தகத்தில் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்று ஓரமாக அச்சிட்டிருப்பார்கள், நாமும் அந்த வரியையே புறக்கணித்துவிட்டுத் தேர்வெழுதி வந்துவிடுகிறோம். அவர் கணக்குப்படி விழுந்தால் 28ஆவது விநாடியில் வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டராக இருக்கும். மீனம்பாக்கத்திலிருந்து டெல்லிக்குப் பறக்கும் ஜெட் விமானம்கூட அந்த வேகத்தில் போவதில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கணக்கில் அண்ணன் பாராசூட்டை விரிக்காமலேயே தரைக்கு வந்து சேர்கிறார்.

உண்மையில் நடப்பது வேறு. குதித்தவுடன் வேகம் விரைவாகக் கூடுகிறது. வேகம் கூடக் கூட, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப, காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அந்த எதிர்ப்பு உடலின் எடைக்குச் சமமாகிவிட, அதற்குமேல் வேகம் கூடுவதில்லை. இதைத்தான் முற்றுத் திசைவேகம் என்று பதினோராம் வகுப்பில் படிக்கிறோம். வயிறு தரையை நோக்கியிருக்க, கைகால்களை விரித்து விழும் ஒருவருக்கு இது மணிக்கு ஏறத்தாழ 195 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 54 மீட்டர். இந்த எண் சென்னைவாசிகளுக்கு மறக்காது: அண்ணா சாலையில் 1959 முதல் நிற்கும் எல்.ஐ.சி. கட்டிடத்தின் உயரம் 177 அடி, அதுவும் 54 மீட்டர்தான். ஆகவே, விநாடிக்கு ஓர் எல்.ஐ.சி. உயரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வேகத்தைத் தொடுவதற்கும் சற்று நேரம் பிடிக்கும். ஐந்தாவது விநாடியின் முடிவில் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர், பத்தாவது விநாடியின் முடிவில் 185 என்று கணக்கு வருகிறது. அந்தப் பத்து விநாடியில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 340 மீட்டர். காற்று இல்லாவிட்டால் அது 490 மீட்டராக இருந்திருக்கும். குதிப்பவர்களிடையே புழங்கும் வாய்ப்பாடு இதை ஒட்டியதுதான்: முதல் ஆயிரம் அடிக்குப் பத்து விநாடி, அதன் பிறகு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஐந்தரை விநாடி. மீட்டரில் கணக்கிட விரும்புவோர், விழும் தூரத்தை 54ஆல் வகுத்து, தொடக்கத்தில் வேகம் பிடிப்பதற்கான ஈடாக நான்கு விநாடி சேர்த்துக்கொண்டால் போதும்.

இனி உங்கள் அக்கா மகனுக்கு வருவோம். கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது விமானம் பறந்த உயரத்தையன்று, குதித்த உயரத்துக்கும் பாராசூட் விரித்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். இருவர் சேர்ந்து குதிக்கும்போது, ஏதேனும் சிக்கல் நேர்ந்தால் மாற்றுப் பாராசூட்டை விரிக்கப் போதிய அவகாசம் வேண்டுமென்பதால், தரைக்கு மேல் 5,500 அடியை ஒட்டியே பயிற்சியாளர் பாராசூட்டை விரிப்பது வழக்கம். ஆக விழுந்த தூரம் 7,500 அடி, 2,286 மீட்டர். 54ஆல் வகுத்தால் 42. நான்கைச் சேர்த்தால் 46. வாய்ப்பாட்டின்படி பார்த்தாலும் அதே விடைதான். இருவரின் எடை ஒன்றாகச் சேரும்போது வேகம் மிகுந்துவிடாதா என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். மிகுந்துவிடும், அதனால்தான் குதித்த சில விநாடிகளிலேயே பயிற்சியாளர் ஒரு சிறு துணைப் பாராசூட்டைப் பின்னால் பறக்கவிட்டு, ஒருவர் மட்டும் விழும் வேகத்துக்கு அதைக் கட்டுப்படுத்துகிறார்.

‘ஒரு நிமிடம்’ என்பதும் முழுப் பொய்யன்று. அனுபவம் மிக்கவர் தனியாக அதே 13,000 அடியிலிருந்து குதித்து 3,000 அடிவரை பொறுத்திருந்தால், பத்தாயிரம் அடிக்கு ஏறத்தாழ 60 விநாடி வரும். விளம்பரங்களில் ஒட்டிக்கொண்ட ஒரு நிமிடம் அங்கிருந்து வந்திருக்கலாம். வீட்டில் காணொளி இருந்தால், வேகம் குறைத்துக் காட்டப்படாத பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கால்கள் விமானத்தை விட்ட நொடியிலிருந்து பாராசூட் பையை விட்டு வெளிவரும் நொடிவரை எண்ணிப் பாருங்கள். பாராசூட் முழுதாக விரிந்து நிற்கும்வரை எண்ணினால் மேலும் மூன்று முதல் ஐந்து விநாடி கூடும். ஆனால் அது வேகம் அடங்கும் நேரம், விழும் நேரத்தில் சேராது.

கேள்வி: குண்டானவர்கள் சீக்கிரம் விழுந்துவிடுவார்களா? எடை எதுவானாலும் ஒரே வேகத்தில் விழும் என்றல்லவா கலிலியோ சொன்னார்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: கலிலியோ சொன்னது காற்றின் தடை இல்லாத நிலைக்கு. காற்றில், உடலின் பரப்பு மாறாமல் எடை மட்டும் கூடினால், முற்றுத் திசைவேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 60 கிலோ எடையுள்ளவர் விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் விழுகிறார் என்றால், அதே பரப்புள்ள 80 கிலோக்காரர் 58 மீட்டரை நெருங்குவார். மேற்சொன்ன 7,500 அடியைக் கடக்க முன்னவருக்கு 49 விநாடியும் பின்னவருக்கு 44 விநாடியும் ஆகும். எடை கூடினால் உடற்பரப்பும் ஓரளவு கூடும் என்பதால், நடைமுறையில் இந்த வித்தியாசம் இன்னும் குறையலாம். பலர் கைகோத்து வானில் கோலம் போல் அமையும்போது இது பெரும் தொல்லை. ஆகவே ஒல்லியானவர்கள் எடைப் பட்டை கட்டிக்கொள்வதும், கனமானவர்கள் தொளதொளப்பான உடை அணிவதும் உண்டு. எடையைக் காட்டிலும் உடல் நிற்கும் நிலையே வேகத்தை மிகுதியாக மாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்: தலைகீழாகப் பாய்பவர் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம்.

கேள்வி: அதிக உயரத்திலிருந்து குதித்தால் அதிக நேரம் விழுவோம் என்பது எப்போதும் உண்மைதானா?
– கல்லூரி மாணவர், கிண்டி

பதில்: உண்மையில்லை என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்க விமானப் படையைச் சேர்ந்த ஜோசப் கிட்டிங்கர், 1960 ஆகஸ்ட் 16 அன்று பலூனில் 31 கிலோமீட்டருக்கு மேல் ஏறிக் குதித்தார். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான ரயில் பாதையைச் செங்குத்தாக நிறுத்தினால் ஏறத்தாழ அந்த உயரம். அவர் விழுந்த நேரம் 4 நிமிடம் 36 விநாடி. 52 ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபர் 14 அன்று, ஆஸ்திரியாவின் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். தரையிலிருந்து வானொலியில் அவருக்கு வழிகாட்டியவர் அதே கிட்டிங்கர். பாம்கார்ட்னர் அதிக உயரத்திலிருந்து, பத்துக் கிலோமீட்டர் கூடுதலாக விழுந்தும், எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிடம் 20 விநாடிதான்.

காரணம் எளிது. கிட்டிங்கர் உடல் சுழலாமல் இருப்பதற்காக ஒரு சிறு பாராசூட்டைப் பின்னால் விட்டிருந்தார். அது வேகத்தையும் சற்றுக் குறைத்தது. பாம்கார்ட்னர் அப்படி எதையும் விரிக்காமல், காற்று மிக மெலிந்த உயரங்களில் மணிக்கு 1,357 கிலோமீட்டரை எட்டி, ஒலியின் வேகத்தையே மிஞ்சினார். முதல் பதிலில் சொன்ன ‘54ஆல் வகுத்து நான்கைக் கூட்டும்’ வழியை அவருக்குப் பயன்படுத்தினால் பதினொரு நிமிடத்துக்கு மேல் வரும், அது அபத்தம். பதினைந்தாயிரம் அடிக்குட்பட்ட சாதாரணக் குதிப்புகளுக்கே அந்த வழி பொருந்தும். அங்கும்கூட 54 என்பது ஒரு சராசரிதான்: 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், அங்கே முற்றுத் திசைவேகம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே கூடுதலாக இருக்கும். ஆகவே முதல் சில விநாடிகளுக்குப் பிறகு, கீழே வர வர, விழுபவரின் வேகம் உண்மையில் குறைந்துகொண்டே வருகிறது.

கேள்வி: அப்படியானால் விநாடிகளை எண்ணிக்கொண்டே விழுந்து, நேரம் வந்ததும் பாராசூட்டை விரித்துவிடலாமே?
– வாசகர், தாம்பரம்

பதில்: கூடாது. பதற்றத்தில் எண்ணும் விநாடிக்கும் கடிகார விநாடிக்கும் உறவில்லை; இரண்டு விநாடி பிசகினால் முந்நூற்றைம்பது அடி போய்விடும். குதிப்பவர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஆல்டிமீட்டரைத்தான் நம்புகிறார்கள். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் அந்தக் கருவியைக் குதிக்கும் இடத்தின் தரையில் வைத்து பூஜ்யமாக்கிக்கொள்வார்கள். விமானியோ பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்வார். சென்னையைப் போலக் கடலோரத்தில் இருக்கும் ஊரில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் இருக்கும் மைசூரு போன்ற ஊரில், விமானி சொல்லும் உயரத்திலிருந்து அந்த 2,500 அடியைக் கழித்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். கழிக்க மறந்தால் விடையில் 14 விநாடி கூடுதலாக வந்துவிடும்.