7,20,720-க்கு எத்தனை காரணிகள்?

கேள்வி: மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். 7,20,720-க்கு எத்தனை காரணிகள் என்று ஒரு மாதிரி வினாத்தாளில் கேட்டிருந்தார்கள். 1, 2, 3 என்று எழுத ஆரம்பித்து ஒரு பக்கம் நிரம்பியும் முடிந்தபாடில்லை. குறுக்கு வழி உண்டா? – வாசகர், வலங்கைமான்

பதில்: எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மொத்தம் 240 காரணிகள்!

எண்ணை முதலில் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். 720 அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது. மூன்று இலக்கங்கள் இப்படித் திரும்பி வந்தாலே அது 1001-இன் மடங்குதான்: 720 × 1001 = 7,20,720. 1001 என்பது 7 × 11 × 13. இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். 720-ஐப் பிரித்தால் 2⁴ × 3² × 5. பகா எண்கள் எல்லாம் கைக்கு வந்தாயிற்று.

இனி ஒரு காரணி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது 1 முதல் 4 தடவை வரை எடுக்கலாம். ஆக 5 வழி. 3-க்கு 3 வழி. 5, 7, 11, 13 ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம். தலா 2 வழி. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ‘அடுக்கோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கு’ என்று பயிற்சி மையங்களில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். காரணம் புரிந்தால், கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் தடுமாற வேண்டாம். ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை? 2-ஐத் தொடாமல் பெருக்கினால் 48. எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும்? ஜோடியில்லாமல் நிற்பவை 5, 7, 11, 13. அவற்றின் பெருக்கல் 5005.

இந்த எண்ணை யாரோ சும்மா எடுத்துப் போட்டுவிடவில்லை. 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இது, அதாவது அவற்றின் மீ.சி.ம. ஒரு வாய்க்காலுக்கு 6 நாளுக்கு ஒருமுறை, இன்னொன்றுக்கு 8 நாளுக்கு ஒருமுறை என்று முறைத் தண்ணீர் விட்டால், இரண்டுக்கும் ஒரே நாளில் முறை வருவது 24 நாளுக்கு ஒருமுறைதானே? அதே கணக்குதான்.

தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி, உங்கள் பக்கத்து ஊரான கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். 7,20,720 அந்த வகை எண்தான். அவர் போட்ட பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 காரணிகள். கணினி இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 2,93,31,86,25,600. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண் வந்துவிடும்.

அப்புறம், ஓர் எச்சரிக்கை. 720-க்கு 30 காரணிகள், 1001-க்கு 8, ஆகவே 240 என்று நேராகப் பெருக்கினாலும் இங்கே விடை சரிதான். ஆனால் 8,40,840-க்கு அப்படிச் செய்தால் 32 × 8 = 256 என்று தப்பாக வரும். 840-க்குள்ளேயே ஒரு 7 இருப்பதால், இரண்டும் சேர்ந்து 7² ஆகிவிடுகிறது. சரியான விடை 192.