செல்: சிறையிலும் உடலிலும் போனிலும் ஒரே சொல் ஏன்?

உயிரியல் பாடத்தில் செல், டார்ச் லைட்டில் செல், சிறையில் செல், கையில் செல்போன். இவற்றுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு.

லத்தீனில் 'செல்லா' என்றால் சின்ன அறை. துறவியின் அறைக்கும் கைதியின் அறைக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. அப்புறம், 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். வரிசை வரிசையாகக் குட்டி அறைகள், உள்ளே ஒன்றுமில்லை. அதற்கும் 'செல்' என்றே பெயர் வைத்தார். அவர் கண்டது உயிர்போன செல்களின் வெறும் சுவர்களைத்தான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது, எனக்கு இன்றும் வியப்புதான்.

அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒன்றுதான், கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை. பெரிய ஒன்றுக்குள் இருக்கும் அந்தத் தனித் தடுப்புதான் செல். சாதாரண கார் பேட்டரிக்குள்ளும் அப்படித்தான்: தலா 2 வோல்ட் தரும் 6 செல்கள் சேர்ந்து 12 வோல்ட். எக்செல்லில் நாம் எண்ணை நிரப்பும் கட்டமும் அதே.

சரி, செல்போன்? உள்ளே பேட்டரி செல் இருப்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஊரைச் சின்னச் சின்னப் பரப்புகளாகப் பிரித்து டவர்கள் வைக்கிறார்களே, அந்த ஒவ்வொரு பரப்புக்கும்தான் 'செல்' என்று பெயர், பஸ்ஸில் பேசிக்கொண்டே போகும்போது உங்கள் அழைப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாறுகிறது.