ஆறு சர்வர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே பேக்கப் ஸ்கிரிப்ட். ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) சர்வருக்கு ஒரு பிராஞ்ச் வைக்கலாமா?

வேண்டாம். தொடக்கத்தில் ஒழுங்காகத் தெரியும், போகப்போகத் தலைவலிதான்.

பிராஞ்ச், அதாவது தனிக்கிளை, என்பது பெரும்பாலும் என்றைக்காவது முக்கியக் கிளையான மெயினோடு சேரப்போகிற வேலைக்கு. உங்கள் ஆறும் சேரவே போவதில்லை. ஒரு சர்வரில் ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சின்க் வரியில் பிழை திருத்துகிறீர்கள் என்று வையுங்கள். அந்த பிராஞ்சை மெயினில் மெர்ஜ் செய்தால் அந்த சர்வரின் ஃபோல்டர், டேட்டாபேஸ் பெயர் எல்லாம் கூடவே வந்துவிடும். சரி, அந்த ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்து ஒட்டும் செர்ரி-பிக் செய்யலாம் என்றால் மற்ற ஐந்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் புது கமிட் (கிட்டில் பதியும் மாற்றம்), புது ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு). பிறகு ஒருநாள் அந்தத் திருத்தம் எந்தெந்த பிராஞ்சில் இருக்கிறது என்று பழைய ஹாஷை வைத்துத் தேடினால், முதலில் திருத்திய இடத்தை மட்டும்தான் காட்டும். எந்த சர்வர் விட்டுப்போனது என்பது ரெஸ்டோர் செய்யும் நாளில் தெரியவந்தால் என்ன பிரயோஜனம்?

நான் வைத்திருப்பது ஒரே ஸ்கிரிப்ட், சர்வருக்கு ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல். எல்லாம் மெயினிலேயே. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் வரியில் கான்ஃபிக்கின் பெயரைக் கொடுத்தால் ஸ்கிரிப்ட் அதைப் படித்துக்கொள்ளும். ஸ்கிரிப்டின் மேலே ‘செட் மைனஸ் யூ’ (set -u) கண்டிப்பாகப் போடுங்கள். கான்ஃபிக்கில் ஃபோல்டர் பெயர் விட்டுப்போயிருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இல்லாவிட்டால் காலியான பெயரோடு அழிக்கிற வரி வரைக்கும் போய்விடும்.

மாற்றும்போது அவசரப்படாதீர்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் முதலில் வெளியே எடுங்கள், ஒருமுறை கமிட் ஆனால் ஹிஸ்டரியில் தங்கிவிடும். அப்புறம் ஆறு ஃபைல்களையும் இருக்கிறபடியே ஒரு ஃபோல்டரில் போட்டு கமிட் செய்யுங்கள். பிறகு இரண்டிரண்டாக ஒப்பிட்டு டிஃப் (வித்தியாசம்) பாருங்கள். எல்லா வரியும் வேறு என்று காட்டினால் பயப்பட வேண்டாம், யாரோ விண்டோஸில் எடிட் செய்து வரி முடிவுக் குறி மாறியிருக்கும். டிஃப்பில் ‘மைனஸ் டபிள்யூ’ (-w) சேர்த்தால் உண்மையான வித்தியாசம் மட்டும் நிற்கும்.

அதில் ஃபோல்டர், பெயர் மாதிரியானவை நேராக கான்ஃபிக்குக்குப் போகட்டும். கவனிக்க வேண்டியது மற்றவைதான். ஒன்றில் பழைய பேக்கப்பை அழிக்கும் ஃபைண்ட் வரியில், ஃபைல் கடைசியாக மாறி எத்தனை நாள் என்று பார்க்கும் இடத்தில், ‘எம்டைம் +7’ (-mtime +7) என்றும் இன்னொன்றில் ‘+30’ என்றும் இருக்கலாம். அது வேண்டுமென்றே வைத்ததா, ஒரு சர்வரில் மட்டும் மாற்றிவிட்டு மறந்ததா என்று டிஃப் சொல்லாது. எழுதியவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கூடவே ஒன்று: ‘+7’ என்றால் ஏழு நாள் தாண்டியதும் அழியாது. முழு நாட்களாக மட்டுமே கணக்கிடுவதால் எட்டு நாள் முடிந்த ஃபைல்கள்தான் அழியும்.

ஒரு சர்வருக்கு மட்டும் நிஜமாகவே வேறு வேலை இருந்தால் அதைத் தனி ஸ்கிரிப்டாக வையுங்கள், பொதுவான ஃபங்ஷன்களை மட்டும் பகிர்ந்துகொள்ளட்டும். ஒரே ஸ்கிரிப்டுக்குள் சர்வர் பெயரைப் பார்த்துப் பார்த்து ‘இஃப்’ போடுவது எனக்குப் பிடிக்காது.

நீண்ட நாள் பிராஞ்சுக்கும் இடம் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பழைய வெர்ஷன்களுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே திருத்தம் முதலில் முக்கியக் கிளையான மெயின்லைனில் சேரும், பிறகே பழையவற்றுக்கு இறங்கும். உங்கள் ஆறு சர்வர்களில் பழையது புதியது என்று எதுவுமில்லையே.