போன் அடக்கிவிட்ட ஆறு

வணக்கம் சார். காவேரிப்பட்டணம் பாலத்துக்குப் பக்கத்தில் தென்பெண்ணையின் சத்தத்தை போனில் பதிவு செய்தேன். நேரில் சலசலவென்று கேட்ட தண்ணீர், பதிவில் இல்லவே இல்லை. லாரி ஹாரனும் யாரோ பேசுவதும்தான் இருக்கிறது. மேலே கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறக்கும்வரை காத்திருக்கலாமா? பின்னணியில் புல்லாங்குழல் சேர்க்கவும் யோசனை.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் போனைச் சந்தேகப்படுங்கள். பல போன்களில் ரெக்கார்டர் பேச்சைப் பிடிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. பேச்சு விட்டுவிட்டு வரும், ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக வருவதையெல்லாம் அது இரைச்சல் என்று முடிவுகட்டி அடக்கிவிடும், உங்கள் ஆறும் அதில்தான் அடிபட்டுப் போயிருக்க வேண்டும். இரைச்சல் குறைப்பையும் தானாக ஒலியளவை ஏற்றி இறக்குவதையும் அணைக்க விடுகிற ஆப்பாகப் பார்த்து, ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக எடுங்கள். சின்ன ரெக்கார்டர் ஒன்று இரவல் கிடைத்தால் ரொம்ப நல்லது, அப்போது அதில் பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு ரோமம் வைத்த உறை கட்டாயம், ஆற்றுக்காற்று சும்மா விடாது.

அணை திறக்கக் காத்திருக்க வேண்டாம். சலசலப்பு பெரும்பாலும் தண்ணீரில் சிக்குகிற காற்றுக் குமிழிகள் அதிர்வதால் வருவது. 1933-இல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார்: ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறக்குறைய 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், குமிழி பெரிதானால் சுருதி இறங்கும். வெள்ளம் நிறைந்து கல்லெல்லாம் மூழ்கிவிட்டால் இந்தச் சின்னக் குமிழிகளின் பேச்சு போய், உறுமல்தான் மிஞ்சும். அதனால் தண்ணீர் கொஞ்சமாக, கல்மேல் ஏறி விழுகிற இடம் பாருங்கள், மைக்கை ஒரு முழத்துக்குள் கொண்டுபோங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும், லாரியோ இருந்த இடத்திலேயே இருக்கும்!

ஹாரன் முழுக்கப் போகாது. போக வேண்டியதும் இல்லை. நந்தி மலையில் கிளம்பி, பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, ஓசூர் கெலவரப்பள்ளியில் நுரை பொங்க வந்து சேர்கிற ஆறு இது. அந்த நுரை உடைகிற சத்தத்தையும் ஒருநாள் பக்கத்தில் போய்ப் பிடியுங்கள், ஆனால் கையைக் காலை நனைக்காதீர்கள். இதன்மேல் புல்லாங்குழல் ஊதினால் மசாஜ் கடைப் பாட்டாகிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், இடம், அணையிலிருந்து அன்று எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த கோடையில் அதே கல்லில் எடுத்து ஒப்பிட அது வேண்டும்.